சமோசாவும் சான்றிதழும்

போன மாதம் ஒரு சனிக்கிழமை. தில்லியில் நான் தினமும் போய்வரும் நீதிமன்ற வளாகத்தில், வக்கீல் சங்க அரங்கில் புதிய குற்றவியல் சட்டங்களைப் பற்றி ஒரு சொற்பொழிவு. இரண்டு மணிக்கு என்று போட்டிருந்தார்கள். மூன்றே காலுக்கு ஆரம்பித்தது. குத்துவிளக்கு, பூங்கொத்து, சால்வை, வரவேற்புரை எல்லாம் முடிந்து பேச்சாளர் மைக்கைப் பிடிக்கும்போது மணி நாலு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 511 பிரிவுகள், புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில் 358. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 484, புதியதில் 531. சாட்சியச் சட்டத்தில் 167 இருந்தது, இப்போது 170. இதையே ஒன்றே கால் மணி நேரம் பல விதமாகச் சொன்னார். பிறகு ஆளுக்கு இரண்டு சமோசா, ஒரு டீ, ஒரு சான்றிதழ். சான்றிதழில் பெயரை நாமே எழுதிக்கொள்ள வேண்டும்.

பக்கத்தில் ஒரு ஜூனியர் பெண் உட்கார்ந்திருந்தாள். வக்கீலாகி இரண்டு வருஷம்தான் இருக்கும். சமோசாவைக் கையில் வைத்துக்கொண்டு இந்தியில் மெதுவாகக் கேட்டாள்: "சார், திங்கட்கிழமை எனக்கு முதல் குறுக்கு விசாரணை. சாட்சி டாக்டர். எங்கே ஆரம்பிக்கிறதுன்னு யார்கிட்ட கேட்கலாம்?"

அரங்கில் முன்னூறு பேராவது இருந்திருப்போம். அதில் ஐம்பது பேர் இருபது வருஷத்துக்கு மேல் கேஸ் நடத்தியவர்கள். அந்தப் பெண்ணின் கேள்விக்குப் பதில் சொல்ல அங்கே ஒரு ஏற்பாடும் கிடையாது. மருத்துவ அறிக்கையை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வரச் சொன்னேன். அவள் விஷயம் கடைசியில்.

ரொம்ப நாளாக எழுத நினைத்துத் தள்ளிப்போட்டது இது. வக்கீல் அல்லாதவர்களும் படிக்கலாம். சொல்லப் போனால் அவர்கள்தான் படிக்க வேண்டும், ஃபீஸ் கொடுப்பது அவர்கள்தானே.

முதலில் இந்த எண் மாற்றத்தை முடித்துவிடலாம். கொஞ்ச நாள் தடுமாற்றம், கொஞ்சம் தமாஷ், அவ்வளவுதான். முன்பு உயர் நீதிமன்றத்தில் "ஒரு 482 போடணும்" என்றால் எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யக் கேட்கும் மனு. புதிய நடைமுறைச் சட்டத்தில் 482 என்பது முன்ஜாமீன். ரத்து மனு 528க்குக் குடிபோய்விட்டது. 302 என்றால் கொலை என்று தமிழ் சினிமா பார்த்த குழந்தைக்கும் தெரியும். இப்போது கொலைக்கு 103. 302 என்பது மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சு. மோசடிக்கு இருந்த 420, 318 ஆகிவிட்டது, ஆனால் ஊர்ப் பேச்சில் நானூத்தி இருபதை யாராலும் மாற்ற முடியாது :-)

இதற்கெல்லாம் சொற்பொழிவு தேவையில்லை. ஒரு பக்க அட்டவணை போதும், போனிலேயே இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நிஜமாக மாறியது வேறு. சோதனை போட்டுப் பொருளைக் கைப்பற்றுவதை ஆடியோ, வீடியோவில் பதிவு செய்ய வேண்டும் (105வது பிரிவு). தனியார் புகாரில் எதிரிக்குப் பேச வாய்ப்பு கொடுக்காமல் மாஜிஸ்திரேட் வழக்கை எடுத்துக்கொள்ளக் கூடாது (223வது பிரிவு). மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழ் இரண்டு பாகமாகிவிட்டது, ஒன்றைத் தாக்கல் செய்பவர் தர வேண்டும், இன்னொன்றை நிபுணர் தர வேண்டும், கோப்பின் ஹேஷ் எண்ணும் எழுத வேண்டும். அதாவது இனி கிட்டத்தட்ட ஒவ்வொரு கிரிமினல் கேஸிலும் ஒரு பென் டிரைவ் வரும். அது வரும் நாளில் எழுந்து நின்று என்ன கேட்பது? ஹேஷ் எண் பொருந்துகிறதா என்று யாரிடம், எந்தக் கட்டத்தில், எப்படிக் கேட்பது? இதை அந்த ஒன்றே கால் மணி நேரத்தில் யாரும் தொடவில்லை.

தொடாமல் விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். என் கதையையே சொல்கிறேன்.

2012. நான் தில்லிக்கு வந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. இந்தியில் வாய்தா வாங்கவும் சண்டை போடவும் கற்றுக்கொண்டு, "இனி நமக்குத் தெரியாதது என்ன" என்ற மிதப்பில் இருந்த காலம். என் கட்சிக்காரர் ஆர்.கே. புரம் பக்கம் இட்லி மாவு அரைத்து விற்கும் ஒரு சேலத்துக்கார அம்மா. கணவர் இறந்துவிட்டார். ஆறரை லட்சம் ரூபாய் கைமாற்றாக வாங்கினார் என்று ஒருவர் வழக்குப் போட்டிருந்தார். ஆதாரம், கையால் எழுதிய ஒரு ரசீதின் ஜெராக்ஸ். அசல் தொலைந்துவிட்டதாம். கையெழுத்து என்னுடையது இல்லை என்றார் அந்த அம்மா. எதிருரையில் நானும் அழுத்தமாக மறுத்திருந்தேன்.

சாட்சி விசாரணை நாள். தில்லியில் சிவில் வழக்கில் முதல் விசாரணை பிரமாணப் பத்திரமாகவே வந்துவிடும். சாட்சி கூண்டில் ஏறி, அதில் குறிப்பிட்ட ஆவணங்களை வரிசையாகச் சொல்லுவார், டைப்பிஸ்ட் அடித்துக்கொண்டே போவார். அசல் காட்டியதற்கு எக்ஸிபிட் எண். அசல் இல்லாத நகல் என்றால், எதிர்த்தரப்பு ஆட்சேபித்தால், எக்ஸிபிட் கொடுக்காமல் வெறும் 'மார்க் ஏ', 'மார்க் பி' என்று அடையாளம் மட்டும் போடுவார்கள். அன்றைக்கு ஒன்பது ஆவணம். ஏழு அசல், இரண்டு நகல். ஒரே மூச்சில் ஒன்று முதல் ஒன்பது வரை எக்ஸிபிட் என்று அடித்துவிட்டார்கள். நான் அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன்? வேறொரு கோர்ட்டில் என் கேஸ் கூப்பிடுகிறார்களா என்று போனில் முன்ஷிக்கு (நம்மூர் வக்கீல் குமாஸ்தாதான்) மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தேன். நாலாவது எக்ஸிபிட்தான் அந்த ஜெராக்ஸ் ரசீது.

ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். "ஆட்சேபிக்கிறேன், அசல் இல்லை, நகலைத் தாக்கல் செய்ய அடிப்படை எதுவும் காட்டவில்லை." ஐந்து நொடி வேலை. சொல்லவில்லை.

அதற்குப் பிறகு குறுக்கு விசாரணையில் இரண்டு மணி நேரம் வெளுத்து வாங்கினேன். வெளியே வந்ததும் அந்த அம்மாவே "நல்லா கேட்டீங்க தம்பி" என்று சொன்னார்கள். தீர்ப்பு எதிராக வந்தது. மேல்முறையீட்டை வேறொரு வக்கீல் நடத்தினார், நானும் கூடப் போனேன். நகலை ஏற்றது தப்பு என்று அவர் வாதத்தைத் தொடங்கி ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. நீதிபதி கீழ்க்கோர்ட் கட்டைப் புரட்டி, அந்த நாளின் பக்கத்தை எடுத்து, "ஆட்சேபணை எங்கே?" என்று கேட்டார். அப்புறம் சொன்னார், "வெங்கடாசலா கௌண்டர்."

தில்லி வக்கீல்களுக்குத் தெரிந்த தமிழ்ப் பெயர்கள் கொஞ்சம்தான், அதில் இது ஒன்று. 2003 அக்டோபரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, ஆர்.வி.இ. வெங்கடாசல கவுண்டர் எதிர் அருள்மிகு விஸ்வேஸ்வரசுவாமி கோவில். நம்மூர் கோவில் சொத்து வழக்கு. ஆவணத்தை நிரூபிக்கும் முறையில் ஓட்டை இருந்தால், அது எக்ஸிபிட் ஆகும்போதே சொல்ல வேண்டும், அப்போது சும்மா இருந்துவிட்டு மேல்முறையீட்டில் கிளப்ப முடியாது என்பது சாரம். காரணமும் நியாயமானது. அன்றே சொல்லியிருந்தால் எதிராளி ஓட்டையை அடைக்க ஒரு வாய்ப்பு இருந்திருக்கும், நீ மௌனமாக இருந்து அதைப் பறித்துவிட்டாய். தலைக்குத் தலை பெயரை உருட்டி மெழுகி உச்சரிப்பார்கள், ஆனால் சட்டம் தப்பாமல் தெரியும். எனக்கும் தெரியும். பரீட்சையில் கேட்டிருந்தால் அரைப் பக்கம் எழுதியிருப்பேன். தெரிந்தது கூண்டுக்கு முன்னால் வாயில் வரவில்லை, அவ்வளவுதான்.

அந்த அம்மா வட்டியோடு பணத்தைக் கட்டினார்கள். நகை போயிற்று. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "விடுங்க தம்பி, என் நேரம்" என்றார்கள். அவர்கள் நேரம் இல்லை. என் போன்.

சட்டம் தெரிவது வேறு, கோர்ட்டில் செய்வது வேறு. நம் நாட்டில் வக்கீல்களுக்கு 'தொடர் கல்வி' என்று அங்கங்கே நடப்பதெல்லாம் முதலாவதைப் பற்றி. கட்சிக்காரர் தோற்பது பெரும்பாலும் இரண்டாவதால்.

விசாரணை நீதிமன்ற வக்கீல் ஒரு ஜாதி, மேல்முறையீட்டு வக்கீல் வேறு ஜாதி என்று ஆகிவிட்டது இன்னொரு வினை. கீழே நடத்தியவர் மேலே என்ன ஆயிற்று என்று கேட்பதே இல்லை. மேலே வாதாடுகிறவருக்குக் கூண்டில் நின்ற சாட்சியின் முகம் தெரியாது. அவருக்கு வருவது தட்டச்சு செய்த கட்டு மட்டும். அதிலே இல்லாததை அவர் உண்டாக்க முடியாது. கீழே ஒருவர் வாய் திறக்காமல் விட்டது, மேலே இன்னொருவர் தலையில் விடிகிறது. இரண்டு பேரும் ஒரு மேஜையில் உட்கார்ந்து "இந்தக் கேஸ் எந்தப் பக்கத்தில் தோற்றது" என்று பார்ப்பது கிடையாது. மருத்துவமனைகளில் நோயாளி இறந்தால் டாக்டர்கள் கூடிப் பேசுகிறார்கள். நம்மிடம் அந்தப் பழக்கமே இல்லை.

மின்னணு ஆவணச் சான்றிதழ் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய 65பி பிரிவு 2000லேயே வந்துவிட்டது. சான்றிதழ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று 2005ல் நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2014 செப்டம்பரில் அன்வர் வழக்கில், இல்லை, கட்டாயம் வேண்டும் என்று மாற்றியது. 2018ல் இரண்டு நீதிபதிகள் கொஞ்சம் தளர்த்தினார்கள். 2020 ஜூலையில் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கில் மூன்று நீதிபதிகள் மறுபடி கட்டாயம் என்று முடித்து வைத்தார்கள். நடுவில், 2017ல், ஹரியானா கேஸ் ஒன்று. தொலைபேசி அழைப்பு விவரங்கள் சான்றிதழ் இல்லாமல் கீழ்க்கோர்ட்டில் எக்ஸிபிட் ஆகிவிட்டன, யாரும் ஆட்சேபிக்கவில்லை. உச்ச நீதிமன்றத்தில் அதைக் கிளப்பினார்கள். கீழே ஏன் சொல்லவில்லை, இப்போது சொல்ல முடியாது என்று விட்டார்கள். மறுபடியும் நம்ம கவுண்டர்தான். ஆனால் இங்கே போனது ஆறரை லட்சம் இல்லை, ஆயுள் தண்டனை.

இதைவிடக் கொடுமை ஒன்று. மத்தியப் பிரதேசத்தில் 2013ல் ஒரு சிறுமி கொலை வழக்கு. குற்றம் சாட்டப்பட்டவருக்கு இலவச சட்ட உதவியில் வக்கீல் நியமித்த அதே நாளில் குற்றச்சாட்டு வனைந்தார்கள். வக்கீலுக்குக் கட்டைப் படிக்கவே நேரம் இல்லை. சில வாரங்களில் தூக்குத் தண்டனை. உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. 2019 டிசம்பர் 18ல் உச்ச நீதிமன்றம் எல்லாவற்றையும் ரத்து செய்து மறுபடி விசாரிக்கச் சொன்னது. தூக்கு, ஆயுள் வரக்கூடிய வழக்குகளில் கோர்ட் நியமிக்கும் வக்கீலுக்குக் குறைந்தது பத்து வருஷ அனுபவம் வேண்டும், தயாராக பொதுவாக ஏழு நாளாவது தர வேண்டும் என்றும் சொன்னது. மறுவிசாரணையில் மறுபடி தூக்கு. டி.என்.ஏ. நிபுணர்களைச் சரியாக விசாரிக்கவில்லை என்று உயர் நீதிமன்றம் அதையும் ரத்து செய்தது. கடைசியில் 2024 மார்ச்சில், நிபுணர்களை விசாரித்த பிறகு, அவர் விடுதலை ஆனார். பதினொரு வருஷம்! டி.என்.ஏ. அறிக்கை கட்டில் இருந்தது. அதை வைத்து நிபுணரைக் கேள்வி கேட்கத் தெரிந்த ஒருவர்தான் இல்லை. பத்து வருஷ அனுபவம் வேண்டும் என்பது சரி, ஆனால் பத்து வருஷமும் வாய்தா வாங்கியே கழித்தவருக்கு டி.என்.ஏ. பற்றி யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

நிர்வாகம் என்ன செய்திருக்கிறது என்று பார்த்தால் சிரிப்புதான் வரும். 1961ம் வருஷ வழக்கறிஞர்கள் சட்டத்திலேயே, கருத்தரங்கு நடத்துவதும் சட்ட வல்லுநர்களைப் பேசவைப்பதும் மாநில பார் கவுன்சிலின் வேலை என்று இருக்கிறது. தொடக்கத்தில் பதிவுக்கு முன் பயிற்சியும் பரீட்சையும் இருந்தன. 1973 திருத்தத்தில் எடுத்துவிட்டார்கள். 1995ல் ஒரு வருஷப் பயிற்சி என்று பார் கவுன்சில் விதி போட்டது. அந்த அதிகாரம் உனக்கு இல்லை என்று 1999ல் உச்ச நீதிமன்றம் அதை அடித்துவிட்டது. 2010ல் அகில இந்திய பார் தேர்வு வந்தது. 2023 பிப்ரவரியில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அது செல்லும் என்று சொன்னது. நூறு கேள்வி, நாலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதோடு சரி. அதற்கப்புறம் நாற்பது வருஷம் நீங்கள் ஒரு புத்தகத்தைத் திறக்காவிட்டாலும் கேட்க ஆள் இல்லை. நீதிபதிகளுக்கு போபாலில் தேசிய நீதித்துறை அகாடமி, மாநிலத்துக்கு மாநிலம் ஒரு அகாடமி. எதிரே நின்று வாதாடுகிறவனுக்கு சமோசா.

என் அடுக்குமாடி வீட்டில் மேல் மாடிக்காரர் சார்ட்டர்டு அக்கவுண்டன்ட். தொழில் நடத்தும் சான்று வைத்திருப்பவர்கள் மூன்று வருஷத்துக்கு 120 மணி நேரம் தொடர் கல்வி காட்ட வேண்டும் என்று புலம்பிக்கொண்டே ஞாயிற்றுக்கிழமை கிளம்புவார். டாக்டர்களுக்கு ஐந்து வருஷத்தில் 30 மணி நேரம் என்று 2002ம் வருஷ நடத்தை விதிகளிலேயே உண்டு. நமக்குப் பூஜ்யம்.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். டாக்டர் சேவையில் குறை என்றால் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று 1995லேயே தீர்ப்பு உண்டு. வக்கீல் மேல் அப்படிப் போக முடியாது என்று 2024 மே 14ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இது தனித்தன்மை கொண்ட தொழிலாம். ஒரு வக்கீலாக எனக்கு நிம்மதிதான், மறைக்கவில்லை. ஆனால் அந்த இட்லி மாவு அம்மாவின் பக்கம் நின்று பார்த்தால்? பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம் என்பார்கள். அது ஒழுங்கீனத்துக்கு. நான் லஞ்சம் வாங்கவில்லை, எதிராளியோடு சேரவில்லை. கவனிக்காமல் இருந்தேன். அந்தத் தப்புக்கு நடைமுறையில் எந்த வாசலும் கிடையாது. வெளியிலிருந்து யாரும் நம்மைக் கேட்கக் கூடாது என்றால், உள்ளேயாவது நாம் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டாமா?

ஆகவே தொடர் கல்வி கட்டாயம் வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் மணிக் கணக்கு வைக்கும் கட்டாயம் வேண்டாம். அமெரிக்காவில் மினசோட்டா, அயோவா மாநிலங்கள் 1975லேயே கட்டாயமாக்கின. நியூயார்க்கில் அனுபவமுள்ள வக்கீலுக்கு இரண்டு வருஷத்தில் 24 மணி நேரம். இங்கிலாந்தில் சொலிசிட்டர்களுக்கு வருஷம் 16 மணி நேரம் என்று இருந்தது, 2016 நவம்பரில் அதைத் தூக்கிவிட்டார்கள். மணியை எண்ணாதே, உன் வேலையில் எது குறை, அதற்கு என்ன கற்றாய் என்று நீயே எழுதி வை என்று மாற்றினார்கள். நம் ஊரில் மணிக் கணக்கு வந்தால் என்ன நடக்கும்? வருகைப் பதிவேட்டில் முன்ஷி கையெழுத்துப் போடுவார். பின் வரிசையில் நாலு பேர் தூங்குவார்கள். சான்றிதழ் விற்க ஒரு கடை முளைக்கும், அடுத்த வருஷம் அதற்குக் கிளைகள்.

எண்ண வேண்டியது செய்ததை. அமெரிக்காவில் 1971ல் தொடங்கிய தேசிய விசாரணை வாதப் பயிற்சி நிறுவனம் இதைத்தான் பிடித்துக்கொண்டது. சொற்பொழிவு குறைச்சல். ஒரு பொய்க் கேஸ் கட்டு, ஒரு பொய்ச் சாட்சி, எழுந்து நின்று விசாரி, பிறகு உன் வீடியோவை நீயே பார். ஆஸ்திரேலியாவின் ஜார்ஜ் ஹாம்பெல் பெயரில் ஒரு முறை உண்டு. பயிற்றுநர் ஒரே ஒரு குறையை எடுப்பார். நீ சொன்ன வார்த்தையை அப்படியே திருப்பிச் சொல்வார். அது ஏன் தப்பு, எப்படிச் சரி செய்வது என்று சொல்லி, தானே செய்து காட்டி, உன்னை மறுபடி செய்ய வைப்பார். நம்மூர் பாட்டு வாத்தியார் இதைக் காலம் காலமாகச் செய்கிறார். கமகம் தப்பினால் ராகத்தின் வரலாறு சொல்ல மாட்டார், "திரும்பப் பாடு" என்பார். சட்டத்துக்கு மட்டும் நாம் ஏன் மேடை போடுகிறோம்?

நம் நாட்டில் முயற்சியே இல்லை என்று சொல்ல மாட்டேன். பெங்களூர் தேசிய சட்டப் பள்ளியை உருவாக்கிய மாதவ மேனன், பிற்காலத்தில் திருவனந்தபுரத்தில் வக்கீல் பயிற்சிக்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார். 2019ல் அவர் காலமானார். இப்படி ஆளுக்கு ஒன்றாக அங்கங்கே இருக்கிறது. மாவட்டக் கோர்ட் வக்கீலின் வாசல் வரை வரவில்லை.

சீனியரிடம் கற்றுக்கொண்டால் போதாதா என்று கேட்பார்கள். போதும், நல்ல சீனியர் கிடைத்தால். எனக்கு ஊரில் கிடைத்தார். கோர்ட் முடிந்து பஸ் ஸ்டாண்டு வரை நடந்து வருவதற்குள் அன்றைக்கு நான் செய்த தப்பை எல்லாம் சொல்லி முடித்துவிடுவார். அப்பா வக்கீலாக இல்லாத, தெரிந்தவர் யாரும் இல்லாத, தில்லிக்குப் பெட்டியோடு வந்து இறங்கும் பையனுக்கு அது லாட்டரி. நாள் முழுக்க ஃபைலைத் தூக்கிக்கொண்டு கோர்ட் கோர்ட்டாக ஓடி வாய்தா கேட்பதுதான் அவனுக்குப் பயிற்சி. அதற்குக் கொடுக்கும் சம்பளம் அறை வாடகைக்கே காணாது. சனிக்கிழமை வகுப்புக்குக் கட்டணம் கேட்டால் அவன் எங்கே போவான்? பணம் பார் கவுன்சில் போட வேண்டும், ஜூனியர் அல்ல.

மொழியும் ஒரு பாடமாக வேண்டும். தமிழ்நாட்டுக் கீழ்க்கோர்ட்டில் சாட்சியம் தமிழில் இருக்கும். உச்ச நீதிமன்றத்துக்கு வரும்போது ஆங்கில மொழிபெயர்ப்பு. தமிழ் தெரியும் என்பதால் நண்பர்கள் சில சமயம் என்னிடம் சரிபார்க்கக் கொடுப்பார்கள். ஒரு கேஸில் சாட்சி சொன்னது, "கம்பால ஒரு போடு போட்டான்." மொழிபெயர்ப்பில், கம்பை ஒரு முறை கீழே வைத்தான் என்கிற அர்த்தத்தில் இருந்தது! அடித்தவனுக்கு நல்ல காலம் என்று சிரிக்கலாம், ஆனால் இதே தப்பு எதிர்ப்பக்கமும் விழும். கீழ்க்கோர்ட் வக்கீல் ஒருவர் கூட உட்கார்ந்திருந்தால் இரண்டு நிமிஷத்தில் பிடித்திருப்பார். ஆனால் மேல்முறையீடு தில்லிக்கு வந்த பிறகு அவரை யாரும் கூப்பிடுவதில்லை.

சரி, அந்த டாக்டர் சாட்சிப் பெண். ஞாயிற்றுக்கிழமை காலை வந்தாள். என் நண்பர் ஒருவர், மேல்முறையீடு மட்டும் பார்ப்பவர், அவரையும் கூப்பிட்டேன். அவரே டாக்டராக உட்கார்ந்தார். பெண் நல்ல தயாரிப்போடு வந்திருந்தாள். குறுக்கு விசாரணை பற்றி அமெரிக்கப் பேராசிரியர் இர்விங் யங்கர் 1975ல் சொன்ன பத்துக் கட்டளைகளை யூட்யூபில் பார்த்து மனப்பாடம் செய்திருந்தாள். சுருக்கமாகக் கேள், பதில் தெரியாத கேள்வியைக் கேட்காதே, ஒரு கேள்வி அதிகமாகக் கேட்காதே. எல்லாம் ஒப்பித்தாள். பிறகு ஆரம்பித்தாள். காயம் கீழே விழுந்தாலும் ஏற்படலாம் என்பது வரை "டாக்டரை" அழகாகக் கொண்டு வந்துவிட்டாள். அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காரவில்லை. "அப்படியென்றால் அடித்ததால் வந்தது என்று ஏன் எழுதினீர்கள்?" என்று கேட்டாள். நண்பர் விடுவாரா? காயத்தின் நீளம், அகலம், திசை என்று ஐந்து நிமிஷம் விளக்கிக் கேஸையே மூடிவிட்டார். அவள் முகம் வெளுத்துவிட்டது. நாலு முறை திரும்பச் செய்தோம். நாலாவது முறை சரியான இடத்தில் நிறுத்திவிட்டு உட்கார்ந்தாள்.

இந்தத் தப்பைச் செய்ய அவளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு பொய் டாக்டரும் கிடைத்தார்கள். எனக்கு 2012ல் நிஜமான கட்சிக்காரர்தான் கிடைத்தார்.

அப்போதிலிருந்து சனிக்கிழமை சாயங்காலம் கூடுகிறோம். இதுவரை மூன்று முறை. ஆறேழு ஜூனியர்கள், கீழ்க்கோர்ட்காரர் இரண்டு பேர், மேல்முறையீட்டுக்காரர் ஒருவர். முடிந்துபோன ஒரு கேஸ் கட்டு, பெயர்கள் அடித்து. எந்தப் பக்கத்தில் தோற்றது என்று கண்டுபிடிப்பது, பிறகு அந்தப் பக்கத்தை மறுபடி நடத்திப் பார்ப்பது. முதல் சனிக்கிழமை என் 2012 கட்டையே கொடுத்தேன். அரை மணியில் ஒரு பையன் நாலாவது எக்ஸிபிட்டில் விரலை வைத்து, "இந்த வக்கீல் அப்போ தூங்கிட்டிருந்தாரா சார்?" என்றான். நான்தான் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் டீயைத் தொடவில்லை. அதற்கப்புறம் மேல்முறையீட்டு நண்பர் தன் கட்டு ஒன்றை எடுத்து வருவதாகச் சொன்னார், தோற்ற கேஸ்.

அடுத்த வாரம் பென் டிரைவும் ஹேஷ் எண்ணும். கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவர் வந்து நிபுணர் சாட்சியாகக் கூண்டில் நின்றால் நன்றாக இருக்கும். தில்லி, நொய்டா, குர்கான் பக்கம் இருக்கும் மென்பொருள் நண்பர்கள் யாராவது ஒரு சாயங்காலம் ஒதுக்க முடியுமா? ஆறு மணிக்கு ஆரம்பிப்போம், எட்டுக்குள் விட்டுவிடுவோம். டீ உண்டு, சான்றிதழ் கிடையாது.